நாயை வதைத்த ஆட்டக்காரருக்கு மறுபடி ஜெர்சி கொடுக்கலாமா?

கேட்டவர் குமரி மாவட்டத்து மேற்குக் கரையோரக் கால்பந்து கிளப் ஒன்றின் செயலாளர். அவர்களுடைய ஸ்டாப்பர் பேக் (நடுவில் நின்று தடுத்து ஆடுகிறவர்) ஒரு தெருநாயை பைக்கில் கட்டி இழுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வழக்காகி, கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார். இப்போது செவன்ஸ் (அணிக்கு 7 பேர் ஆடும் கால்பந்து) சீசன் தொடங்கப் போகிறது. ‘மைக்கேல் விக்கைச் சேர்த்தார்கள், கர்ட் ஜூமாவைச் சேர்த்தார்கள், நம்ம பிள்ளைக்கு மட்டும் என்ன?’ என்று, விலங்கை வதைத்துத் தண்டனை பெற்றும் மறுபடி ஆடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் காட்டிக் கேட்கிறது கமிட்டியில் ஒரு பாதி. ‘அவன் இறங்கினால் நாங்கள் கிரவுண்டுக்கே வரமாட்டோம்’ என்கிறது மறுபாதி. என்ன செய்யலாம் என்பது கேள்வி.

ஆட விடலாம். ஆனால் அபராத ரசீதைக் காட்டியதும் கையில் ஜெர்சியைக் கொடுத்துவிடக் கூடாது. பந்து ஆடுவது, கேப்டன் பட்டை கட்டுவது, ஒரு விலங்கைக் கையில் வைத்திருப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு சங்கதி. முதலாவதை ஒரு சீசன் போனதும் கொடுக்கலாம். இரண்டாவதற்கு வருஷங்கள் ஆகட்டும். மூன்றாவது கிளப்பின் கையில் இல்லை, அது கோர்ட்டின் வேலை. விக், ஜூமா என்று பேர் சொல்லி வாதாடுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவதால்தான் கூட்டம் சண்டையில் முடிகிறது.

‘தண்டனைதான் அனுபவிச்சாச்சே’ என்ற பேச்சை முதலில் ஓரங்கட்டுங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-இன்படி முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 3 வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25-லிருந்து 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 ரூபாய் இன்றைக்கு ரெண்டு டீக்கும் ரெண்டு ரசவடைக்கும் காணும், அவ்வளவுதான். இந்தச் சட்டத்தில் வழக்கு கோர்ட்டு வரை போவதே அபூர்வம். அடித்தல், உதைத்தல் போன்றவற்றுக்குப் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது, மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். விலங்குச் சண்டை நடத்துவது போன்ற சிலவற்றில் மட்டுமே நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிரிவு 36 கதவை அடைத்துவிடும். இத்தனையும் தாண்டி ஒருவருக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது என்றால் ஆதாரம் அவ்வளவு பச்சையாக இருந்திருக்கிறது என்று பொருள். அபராதம் சிறியது என்பதால் செய்கையும் சிறியது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆகவே கமிட்டி பேச உட்காருமுன் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். விளவங்கோடு பக்கத்து வழக்குகள் பெரும்பாலும் குழித்துறைக் கோர்ட்டில் இருக்கும். வழக்கு எண்ணோ, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணோ கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலேயே நிலையைப் பார்த்துக்கொண்டு, கோர்ட்டின் நகல் பிரிவில் மனு போடலாம். ஆட்டக்காரரே வழக்கில் ஒரு தரப்பு என்பதால் அவரையே வாங்கித் தரச் சொல்வது எளிது. அதற்கே அவர் இழுத்தடித்தால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

நகலில் பார்க்க வேண்டியது மூன்று. எந்தப் பிரிவு என்பது முதலாவது. வெறும் பிரிவு 11 மட்டுமா, பாரதிய நியாய சன்ஹிதா 325-உம் சேர்ந்திருக்கிறதா? விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது இந்த 325-க்குள் வரும், 5 வருஷம் வரை சிறை உண்டு. அடுத்து, இது முதல் தடவையா. கடைசியாக, விலங்குவதைச் சட்டத்தின் பிரிவு 29-இன் கீழ் ஏதாவது உத்தரவு இருக்கிறதா. அந்தப் பிரிவுதான் பலருக்குத் தெரியாதது. தண்டனை பெற்றவர் நிரந்தரமாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ எந்த விலங்கையும் வைத்திருக்கக் கூடாது என்று கோர்ட் தடை போடலாம். சொந்த விலங்காக இருந்து, திருப்பிக் கொடுத்தால் மறுபடி வதைபடும் என்று தோன்றினால் பறிமுதலும் செய்யலாம். அரசுத் தரப்பு கேட்காவிட்டால் தீர்ப்பில் இது வருவது அரிது. வந்திருந்தால் அந்தக் காலம் முடியும் வரை கிளப்பின் மற்ற பேச்சுக்கெல்லாம் அதுதான் எல்லை.

இனி அந்த வெளிநாட்டுப் பேர்களுக்கு வருவோம். கமிட்டியில் சொல்லப்படுகிற கதைக்கும் நடந்ததற்கும் தூரம் அதிகம்.

மைக்கேல் விக், நம்ம ஃபுட்பாலிலிருந்து வேறான அமெரிக்கக் கால்பந்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக (அணியின் தாக்குதலை நடத்துகிறவர்) இருந்தவர். 2004-இல் 10 வருஷத்துக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2007 ஏப்ரலில், உறவினர் ஒருவர் சம்பந்தப்பட்ட போதைப்பொருள் வழக்குக்காக வர்ஜீனியாவில் விக்குக்குச் சொந்தமான வீட்டைப் போலீஸ் சோதனை போட்டபோது நாய்ச்சண்டைக் கூடாரம் வெளியே வந்தது. ‘பேட் நியூஸ் கென்னல்ஸ்’ என்று பேர் வைத்து, பந்தயப் பணம் புரட்டி, வருஷக்கணக்கில் நடந்த தொழில் அது. சரியாகச் சண்டை போடாத நாய்களைத் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றதில் பங்கு இருந்ததை ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னால் லீக் தலைவரிடமும் அணி உரிமையாளரிடமும் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று பொய் சொல்லியிருந்தார். உடந்தையாக இருந்த 2 பேருக்கு 18, 21 மாதம் கிடைத்தது. முழுப் பொறுப்பையும் ஏற்றதாகத் தெரியவில்லை என்று சொல்லி நீதிபதி இவருக்கு 23 மாதம் போட்டார். அந்த வழக்கில் அதிகம் வலித்தது நாயை அடித்ததை விடவும் மறைத்ததுதான் என்று தோன்றும்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நம்ம கமிட்டி கவனிக்க வேண்டும். பிடிபட்ட சுமார் 50 பிட்புல் நாய்களின் பராமரிப்புக்காக விக் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்டினார். அதுவரை சண்டை நாய்கள் பிடிபட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதே அங்கே வழக்கம். பெரிய விலங்குநல அமைப்புகளே இந்த நாய்களையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றன. கோர்ட் ஒரு சட்டப் பேராசிரியரை நாய்களுக்குக் காப்பாளராக நியமித்து, ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்து, காப்பகங்களுக்கு அனுப்பியது. பெரும்பாலான நாய்கள் பிழைத்தன. கஷ்டப்படுத்தியவன் பணத்தில் அந்த நாய்களுக்கு முதலில் மறுவாழ்வு கிடைத்தது, விக்குக்குக் கிடைத்தது அதற்கு அப்புறம்.

2009 ஜூலையில் லீக் அவரை நிபந்தனையோடுதான் திரும்ப எடுத்தது. ஓய்வுபெற்ற பயிற்சியாளர் டோனி டஞ்சி வழிகாட்டியாகக் கூட இருந்தார். பிலடெல்பியா ஈகிள்ஸ் முதலில் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் ஒப்பந்தம் உறுதி செய்தது. விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்புக் காலம் முழுக்க நாய் வைத்திருக்கத் தடை இருந்தது, அது முடிந்த பிறகே வீட்டுக்கு நாய் வந்தது. இடையில் பள்ளிகளில் போய்ப் பேசினார். நாய்ச்சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாக 2011-இல் வாஷிங்டனில் நின்றார், 2014-இல் அது சட்டமானது. மனசு மாறியதா இல்லையா என்பதை யாரும் அளக்க முடியாது. கட்டிய பணத்தையும் வந்து நின்ற இடங்களையும் எண்ண முடியும். 2010-இல் மீண்டெழுந்த வீரர் விருது வாங்கினார் என்பதை மட்டும் சொல்லி இடையில் இருந்ததை விழுங்கிவிட்டால் வாதம் பாதிதான்.

ஜூமா விஷயம் நேர் எதிர். அப்போது இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்பில் டிஃபெண்டர். 2022 பிப்ரவரியில் தன் பூனையை உதைத்து அறைந்த வீடியோ வெளியானது, எடுத்தது அவருடைய தம்பி. வெளியான மறுநாளே, வாட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தில் மேனேஜர் அவரை இறக்கினார். சொந்த ரசிகர்களே கூவினார்கள். அதற்குப் பிறகுதான் கிளப் 2 வாரச் சம்பளத்தைப் பிடித்து விலங்குநல அமைப்புகளுக்குக் கொடுத்தது, அடிடாஸ் ஒப்பந்தத்தை முறித்தது. ஜூனில் கோர்ட் 180 மணி நேரச் சமூக சேவையும் 5 வருஷம் பூனை வளர்க்கத் தடையும் போட்டது. பூனைகள் ஏற்கெனவே விலங்குநல அமைப்பின் கைக்குப் போயிருந்தன. தண்டனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்து ஆடும் பிழைப்பை விட்டு வைத்து, பூனையை மட்டும் எட்டாத தூரத்தில் வைத்தது. தப்பு கிளப்பினுடையது. முதலில் மறுநாளே இறக்கியது. அப்புறம் 2023-இல் கேப்டன் ஆக்கியது. பூனைத் தடை 2027 வரை ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் பட்டை. ஊர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் இடம் அது. ஆட்டத்தில் 11 பேரில் ஒருவராக இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

கமிட்டியில் யாரும் சொல்லாத மூன்றாவது பேர் லெஷான் ஜான்சன். இவரும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடியவர்தான். 2000-களின் நடுவிலேயே நாய்ச்சண்டை வழக்கில் குற்றத்தை ஒத்துக்கொண்டவர். 2024-இல் அவரிடமிருந்து 190 நாய்களைப் பறிமுதல் செய்தார்கள். ஒரே ஆளிடமிருந்து கூட்டாட்சி நாய்ச்சண்டை வழக்கில் பறிமுதலான எண்ணிக்கையில் அதுவரை அதுதான் பெரியது. 2025-இல் ஜூரி மறுபடி குற்றவாளி என்றது. அவருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைத்ததுதான். அந்த இடைவெளியில் கூடாரமும் குட்டிகளும் பந்தயக் கூட்டாளிகளும் அவர் கைக்கு எட்டாமல் போகவில்லை, விஷயம் அங்கேதான் கெட்டது.

உங்கள் ஸ்டாப்பர் இந்த மூவரில் யாருக்குப் பக்கத்தில் வருகிறார் என்று பாருங்கள். கோபத்தில் ஒரு தடவை ஓங்கின கை ஒன்று. சும்மா இருந்த விலங்கைச் சிரிப்புக்காக வதைத்து, அதை வீடியோவும் எடுப்பது இன்னொன்று. கத்தி கட்டிய கோழிக்கட்டு, நாய்ச்சண்டை என்று காசுக்கு நடத்துவது மூன்றாவது. பைக்கில் கட்டி இழுத்தது இரண்டாவது வகை. கயிறு எடுக்கணும், முடிச்சுப் போடணும், வண்டியைக் கிளப்பணும். கை தவறி நடந்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. ‘நாய் பிள்ளைகளைக் கடிக்க வந்தது’ என்ற சமாதானமும் நிற்காது. தெருநாய்த் தொல்லைக்கு 2023-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ எழுதிக் கொடுத்தால் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போடுவது அவர்கள் பொறுப்பு. மூன்றாவது வகையாக இருந்தால் என் பதில் வேறு: கூட்டாளிகளை விட்டு விலகியது தெரியும் வரை ஜெர்சி இல்லை.

அந்த நாய் உயிரோடு இருக்கிறதா? கேள்வியில் அது வரவே இல்லை. இருந்தால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தார் ரோட்டில் இழுபட்ட நாய்க்கு முதலில் உரிவது பாதத்து மெத்தையும், முழங்கை, இடுப்பெலும்புக்கு மேலே உள்ள தோலும். சில இடத்தில் எலும்பு வரை தெரியும். உள்ளே மண்ணும் ஜல்லிப் பொடியும் ஏறியிருக்கும், சலைனில் திரும்பத் திரும்பக் கழுவித்தான் எடுக்கணும். முதல் வாரம் தினமும் கட்டு மாற்றணும். நம்ம கடற்கரை ஈரத்தில் ஒரு நாள் விட்டால் ஈ முட்டை வைத்துப் புழு வந்துவிடும். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டணும். எலும்பு முறிந்திருந்தால் 6-லிருந்து 8 வாரம் கட்டு. வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். இவ்வளவுக்கும் ஆகும் மருந்து, ஆட்டோ, தீனிச் செலவை டாக்டரிடம் எழுதி வாங்கி, ஆட்டக்காரர் கட்டட்டும். கிளப் நிதியிலிருந்தோ ஸ்பான்சரிடமிருந்தோ போகக் கூடாது. வளைகுடாவில் இருக்கும் அண்ணன் ஒரே அடியாக அனுப்பிவிட்டாலும் பிரயோஜனமில்லை. மாதா மாதம், அவர் கையால், ரசீதோடு. நாய் செத்துப்போயிருந்தால் அதே தொகையை உள்ளாட்சியின் கருத்தடை, தடுப்பூசி வேலையை எடுத்துச் செய்யும் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கலாம்.

அந்த நாயின் பக்கத்தில் அவரையே கொண்டுபோய் நிறுத்தி மருந்து போடச் சொல்லாதீர்கள். பரிகாரம் என்று நமக்குத் தோன்றும், நாய்க்கு அது மறுபடி வதை. பயந்த நாய் கடிக்கும், கடித்தால் ஊர் அனுதாபம் அப்படியே ஆட்டக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். கிரவுண்டில் நாய்க்குச் சோறு போடுகிற மாதிரி போட்டோ எடுத்துப் போடுவதும் வேண்டாம். தெருநாய்க்குத் தீனி போட உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில்தான் போடணும் என்று 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மன்னிப்பு வீடியோ கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். அது மட்டும் போதாது. சாதாரணமாக நடப்பது இதுதான்: காலையில் வீடியோ, சாயங்காலம் ஆட்டம்.

நிபந்தனைகளை முத்திரைத்தாளில் எழுத வேண்டியதில்லை. கிளப்பின் மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானமாக எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டால் போதும். நான் எழுதுவதாக இருந்தால், முதல் ரசீது வந்த தேதியிலிருந்து குறைந்தது 6 மாதம் போட்டி ஆட்டம் கிடையாது என்று எழுதுவேன். கோர்ட் தேதியிலிருந்து கணக்கிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தே காலத்தைக் கழித்துவிடலாம். பிராக்டீஸுக்கு வரலாம், வரணும். ஒதுக்கி வைத்தால் கெட்ட கூட்டாளிதான் மிச்சம். சின்னப் பிள்ளைகள் கேம்பில் 2 வருஷத்துக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது. கேப்டன் பட்டையும் போஸ்டரில் படமும் அதே 2 வருஷத்துக்கு இல்லை. வீட்டில் விலங்கு வளர்ப்பதில்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் ஆடோ கோழியோ நிற்கிறது என்றால் அது அம்மா பேரில், அம்மா பொறுப்பில். மறுபடி ஒரு புகார் உண்மை என்று தெரிந்தால் அன்றோடு சரி, அதற்கு இன்னொரு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை.

வீடியோ எடுத்தவரையும் விடக் கூடாது. ஜூமாவின் தம்பியும் ஒரு கிளப் ஆட்டக்காரர், அவருக்கு 140 மணி நேரச் சேவை கிடைத்தது. உங்கள் வழக்கில் பின்னால் உட்கார்ந்து போன் பிடித்தவரும் அதே டீமில் இருந்து, அவர் பேர் எங்கேயும் வரவில்லை என்றால், ஸ்டாப்பரை மட்டும் தண்டித்தது நியாயம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கரையோர ஊர்களில் பங்குப்பேரவையும் (ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகக் குழு) இதில் தலையிடும். பேசி முடிக்கட்டும், நல்லதுதான். தெண்டம் போட்டு, அந்தக் காசைத் திருவிழாக் கணக்கில் சேர்த்துவிட்டு ‘விஷயம் தீர்ந்தது’ என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாய்க்கு ஒரு பைசா போயிருக்காது.

இன்னொரு ஓட்டை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். நீங்கள் 6 மாதம் நிறுத்தினால் களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கத்துக் கிளப் ஒன்று ஒரு நாள் கூலிக்கு இறக்கிவிடும், செவன்ஸில் யார் பேப்பர் பார்க்கிறார்கள். தடுக்க முடியாது. அப்படி ஆடினால் 6 மாதம் முதலிலிருந்து தொடங்கும் என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டூர்னமென்ட் நடத்தும் கிளப்புகளுக்குத் தீர்மானத்தின் நகலை அனுப்பவும் செய்யலாம். வழக்கைப் பற்றி மட்டும் எழுதுங்கள், ஊர்வம்பு சேர்க்க வேண்டாம்.

ஆட்டக்காரரின் பிழைப்பு என்ற வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. நம்ம பிள்ளைகளில் பலர் பந்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே போலீஸ், ரயில்வே, ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏறத்தான். தமிழ்நாட்டு அரசு வேலையில் அந்த ஒதுக்கீடு 3 சதவீதம். ‘50 ரூபாய்தானே, ஒத்துக்கொண்டு கட்டிவிட்டு வா’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவருக்கு, அது தண்டனைப் பதிவு என்பது போலீஸ் சரிபார்ப்பு வரும்போதுதான் தெரியும். தண்டனை அறிவிக்கும் முன் வக்கீல் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 3 அல்லது 4-ஐக் கேட்பது. முதல் குற்றவாளியைக் கண்டித்தோ பிணையத்திலோ விடலாம். அப்படி விட்டால் தண்டனையால் வரும் சட்டத் தகுதியிழப்பு ஒட்டாது என்று பிரிவு 12 சொல்கிறது. அதற்காக, குற்றம் செய்தார் என்ற முடிவு மறைந்துவிடாது.

இனி அவர் எந்த விண்ணப்பம் போட்டாலும் வழக்கு எண், பிரிவு, கோர்ட், தேதி, அபராதத் தொகை எல்லாம் படிவத்தில் எழுதியே ஆகணும். எழுதினாலும் எடுப்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. மறைத்து அகப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். சின்னக் குற்றம் என்றால் மறைத்ததை வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அது அவர்களுடைய விருப்பம், உரிமையாகக் கேட்க முடியாது. கிளப் லெட்டர்பேடில் நடத்தைச் சான்று கேட்டு வந்தால் ‘நன்னடத்தை உடையவர்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கைக் குறிப்பிட்டு, எந்தெந்த நிபந்தனையை எந்தத் தேதியில் முடித்தார் என்று எழுதி, டாக்டரின் ரசீதுகளின் நகலைப் பின்னால் இணையுங்கள்.